ஊழியக் குழு தேவனைச் சார்ந்திருக்கிறது என்பதை எதை வைத்து அறிவது?

கேள்வி: செயலாளர், கிராம ஊழியக் குழு, தென்காசி மாவட்டம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் மாவட்டத்தின் சில கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள், ஞாயிறு பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டங்கள் ஆகியவற்றை நடத்திவரும் ஒரு சிறிய ஊழியக் குழுவின் செயலாளராக இருக்கிறேன். எனக்கு அரசுப் பணி இருக்கிறது. ஆனால் குழுவின் முழுநேர ஊழியர்கள் எட்டுப் பேருக்கும் மாதப்படியைத் தவிர வேறு வருமானம் இல்லை. எங்களைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் செவிலியர்களும், பீடி சுற்றிக் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கை எடுத்துவைக்கும் தாய்மார்களும்தான். பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்திலிருந்து காணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசி இரண்டு மாதங்களாக ஊழியர்களுக்குப் பாதிப் படிதான் கொடுக்க முடிந்திருக்கிறது.

கடந்த குழுக்கூட்டத்தில், நிலைமையை உள்ளபடி எழுதித் தாங்குகிற குடும்பங்கள் அனைத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பலாம் என்று சொன்னேன். இந்த ஊழியத்தைத் தொடங்கி இன்றுவரை வழிநடத்திவரும் மூத்த அண்ணன் அதை ஏற்கவில்லை. மனிதனிடம் கையை நீட்டத் தொடங்கினால் கர்த்தருடைய கையை விட்டுவிட்டோம் என்று அர்த்தம் என்றும், இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் யாரிடமும் ஒரு பைசா கேட்டதில்லை என்றும், முழங்காலில் நின்றால் போதும் என்றும் சொன்னார். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். அத்துடன் கூட்டம் முடிந்தது.

அண்ணனுடைய விசுவாசத்தைக் குறைசொல்ல நான் யார்? அவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விதைத்ததைத்தான் இன்று நாங்கள் அறுக்கிறோம். ஆனாலும் ஒன்று நெருடுகிறது. பணத்தைப் பற்றிய பேச்சு வரும்போது கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற அவர், வேறு எதையும் அப்படி விடுவதில்லை. எந்த ஊரில் யார் செய்தி கொடுப்பது என்பதிலிருந்து, பிள்ளைகளுக்கு எந்தக் கடையில் நோட்டு வாங்குவது என்பதுவரை அவர் சொல்லாமல் எதுவும் நகராது. கணக்குப் புத்தகம் இருக்கும் பீரோவின் சாவி அவரிடம் மட்டுமே இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், சற்று ஓய்வெடுங்கள் என்று சொன்னால், இது என் பலம் அல்ல, அவருடைய பலம் என்று பதில் வருகிறது.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. ஊழியத்தின் தேவையை விசுவாசிகளுக்குத் தெரிவிப்பது, தேவனை விட்டு மனிதரைச் சார்வதாகுமா? ஓர் ஊழியம் தேவன்மேல் நிற்கிறதா, நடத்துகிறவரின் திறமைமேல் நிற்கிறதா என்பதை எதை வைத்து அறிந்துகொள்வது? பொதுவான ஆறுதல் வார்த்தைகளாக இல்லாமல், வேதத்திலிருந்தும் அனுபவத்திலிருந்தும் திட்டமாகச் சொல்வீர்களானால் அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்கு உதவியாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற போதகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்திலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் "நாங்கள் எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கத்தக்கதாக" என்று பவுல் எழுதுவது அங்கேதான். நாம் பிரசங்கங்களில் இந்த ஒன்பதாம் வசனத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் இருப்பவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதற்கு முந்தைய வசனத்தில், ஆசியாவில் நேரிட்ட உபத்திரவத்தைக் கொரிந்து சபையார் "அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை" என்று சொல்லி, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிருந்ததை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பதினோராம் வசனத்தில், "நீங்களும் விண்ணப்பத்தினால் எங்களுக்கு உதவிசெய்யுங்கள்" என்று கேட்கிறார். ஆக, தன்னை நம்பாமல் தேவனை நம்பக் கற்றுக்கொண்டதைச் சொல்லும் அதே இடத்தில்தான், அப்போஸ்தலன் தன் இயலாமையைச் சபைக்கு முன்பாக விரித்து வைக்கிறார். பாரத்தை மறைத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்றால் அந்த நிருபமே எழுதப்பட்டிருக்காது. அதே நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில் எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காக வெளிப்படையாகக் காணிக்கையும் கேட்கிறார். ஆனால் தன் சொந்தச் செலவுக்குக் கொரிந்தியரிடம் வாங்காமல் கூடாரம் செய்து பிழைத்தார், பிலிப்பியர் அனுப்பியதையோ மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார். முறை இடத்துக்கு இடம் மாறியது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் எஸ்றாவையும் நெகேமியாவையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். இருவரும் பெர்சிய ராஜாவின் அனுமதியோடு எருசலேமுக்குப் போனவர்கள். வழியில் துணைக்குச் சேவகரையும் குதிரைவீரரையும் ராஜாவிடம் கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். எங்கள் தேவனுடைய கரம் அவரைத் தேடுகிறவர்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்ததுதான் காரணம் (எஸ்றா 8:22). நெகேமியாவோடு இராணுவத் தலைவரும் குதிரைவீரரும் வந்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை (நெகேமியா 2:9). வேதம் இருவரில் ஒருவரையும் குறைசொல்லவில்லை. உங்கள் அண்ணனுக்கு எஸ்றாவைப் போன்ற ஒரு தீர்மானம் இருக்குமானால் அதை மதிக்க வேண்டும். அதே தீர்மானத்தை நெகேமியாவின்மேல் சுமத்தினால்தான் தவறு.

ஆனால் எஸ்றாவின் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. குதிரைவீரர் வேண்டாம் என்று தீர்மானித்த அவர், அந்த ஆபத்தைத் தன் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல், அகாவா நதியண்டையில் கூடியிருந்த ஜனங்கள் அனைவரையும் உபவாசத்துக்கு அழைத்தார். யாருடைய உயிரும் பொருளும் வழியில் இருந்தனவோ, அவர்கள் எல்லாரும் அறிந்து ஜெபித்தார்கள். பிறகு ஆசாரியர்களின் தலைவரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் அவர்கள் கையில் நிறுத்துக் கொடுத்தார். எருசலேம் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் மறுபடியும் நிறுக்கப்பட்டு எழுதப்பட்டது. பாதுகாப்புக்குக் குதிரைவீரர் வேண்டாம் என்றவர், கணக்குக்குத் தராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பீரோச் சாவியைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்த அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் கேள்விக்கு யாத்திராகமம் 18 போதும் என்று நினைக்கிறேன். செங்கடல் பிளந்ததைக் கண்ணால் கண்ட மோசேயைப் பார்த்து, மீதியானிலிருந்து வந்த மாமனார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். மோசேயிடம் விசுவாசக் குறைவு இருந்ததாக அங்கே எங்கும் சொல்லப்படவில்லை. காலை முதல் மாலைவரை எல்லா வழக்கும் தன் முன்பாகவே வரவேண்டும் என்ற ஏற்பாடுதான் நல்லதல்ல என்று சொல்லப்பட்டது. அவரும் அதைக் கேட்டு மாற்றினார்.


பதில்: ஜெபக்குழுப் பொறுப்பாளர், கோவில்பட்டி

போதகர் ஐயா எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் அண்ணன் எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்; ஏனென்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதல் கடிதத்தில் உண்மை நிலவரம் மட்டும் இருக்கும். அதற்கு நல்ல பலன் கிடைத்ததும், அடுத்த கடிதத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளையின் படம் சேரும். அதன் பிறகு வாட்ஸப்பில் கியூஆர் குறியீடு வரும். இந்த மாத இறுதிக்குள் அனுப்புகிறவர்களுக்காக விசேஷ ஜெபம் ஏறெடுக்கப்படும் என்ற வரி வரும். எந்தச் சாட்சி அதிகக் காணிக்கையைக் கொண்டுவருகிறதோ அந்தச் சாட்சியையே தேடி ஊழியர்கள் கிராமங்களுக்குப் போகத் தொடங்குவார்கள். இப்படித் திசைமாறிப் போன ஊழியங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எதுவும் ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கியதல்ல. மூத்தவர்கள் சிலர் முதல் படியிலேயே காலை வைக்க மாட்டேன் என்று நிற்பது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நம் குழுக்கூட்டங்களில் ஜெபத்துக்கு நாம் கொடுக்கும் இடம் எது? ஆரம்ப ஜெபம் ஐந்து நிமிடம் நடக்கும். பிறகு மூன்று மணி நேரம் விவாதித்து, நம் அனுபவத்தையும் சாமர்த்தியத்தையும் கொண்டு ஒரு முடிவுக்கு வருவோம். கடைசியில், நாங்கள் எடுத்த தீர்மானங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியாவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அவர்கள் கர்த்தருக்கு ஆராதனை செய்து உபவாசித்துக்கொண்டிருக்கும்போதுதான், பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார். சபையின் மிகச் சிறந்த இரண்டு போதகர்களை இழக்கும் அந்த முடிவுக்கு எந்தக் குழுவும் தன் சொந்த யோசனையால் வந்திருக்காது.

ஆகவே கடிதத்தின் வாசகத்தை எழுதுவதற்கு முன், ஒரு நாளை முழுவதுமாக ஒதுக்கி, குழுவினரும் ஊழியர்களும் ஒன்றாக உபவாசத்தோடு அமருங்கள் என்பதே என் ஆலோசனை. அனுப்புவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு பேசலாம்.


பதில்: ஒரு மிஷனரியின் மனைவி, ஜார்க்கண்ட்

அண்ணன்மார் எழுதியவற்றை வாசித்தேன். பாதிப் படி வாங்கும் வீட்டிலிருந்து இதே காரியம் எப்படித் தெரிகிறது என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா?

கூட்டத்தில் ஆமென் சொன்னவர்களில் எத்தனை பேருடைய படி பாதியாயிற்று என்று செயலாளர் எழுதவில்லை. அது எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. தன் சொந்தத் தட்டில் இருப்பதைக் குறைத்துக்கொண்டு கர்த்தர் தருவார் என்று காத்திருக்கும் மனிதரை நான் தலைவணங்கி மதிக்கிறேன். இன்னொருவருடைய பிள்ளையின் தட்டில் குறைத்துவிட்டு அதைத் தன் விசுவாசம் என்று சொல்வதை அதே பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் வேறொரு குழுவில் இருந்த காலத்தில் இப்படிச் சில மாதங்கள் கடந்தன. படி வரவில்லை, ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது. எப்படி எரிந்தது என்றால், தெருமுனை மளிகைக் கடையில் எங்களுக்கு ஒரு பற்று நோட்டு இருந்தது. பருப்பு, கடுகு எண்ணெய், சோப்பு என்று ஒவ்வொன்றாக அதில் ஏறியது. பக்கத்தின் அடியில் போட்ட கூட்டுத்தொகையைப் பென்சிலால் வட்டமிட்டு, கடைக்காரர் அதை என் பக்கமாகத் திருப்பி வைப்பார், வாயைத் திறந்து கேட்க மாட்டார். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. அந்த மாதங்களில் எங்கள் ஊழியத்தைத் தாங்கியவர் உண்மையில் அவர்தான். ஊழியத்தைத் தாங்கச் சம்மதமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. விசுவாசிகளிடம் சொல்லக் கூடாது என்று தலைமை எடுத்த தீர்மானத்தின் பாரம், சபையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வியாபாரியின் தோளில் போய் உட்கார்ந்தது. ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்று ரோமர் 13:8-ல் இருப்பதையும் சேர்த்துத்தான் விசுவாச ஊழியத்தைப் பேச வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கும் ஒன்று சொல்கிறேன். இங்கே என் கணவர் மலேரியாவில் படுத்துவிட்ட ஒரு பருவமழைக் காலத்தில், மலைக்கு அப்பால் இருக்கும் இரண்டு கிராமங்களுக்கு யாருமே போக முடியவில்லை. திரும்பப் போய்ப் பார்க்கும்போது ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம். போனபோது, எழுத்து வாசனை இல்லாத ஒரு பெரியவரின் வீட்டில் ஞாயிறுதோறும் கூடி, மனப்பாடமாகத் தெரிந்த பாடல்களைத் தங்கள் மொழியில் பாடி, தெரிந்த நான்கு வேதக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான், சற்றே வருத்தமாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம்மைத் தேடவில்லையே என்ற அந்தச் சின்ன வருத்தத்தை எல்லா ஊழியக்காரரும் தங்களுக்குள் கவனித்துப் பார்க்கலாம்.

கோவில்பட்டி அண்ணன் சொன்ன உபவாச நாளை நானும் ஆதரிக்கிறேன். அன்று ஊழியர்களுக்கு முதலில் கணக்கைக் காட்டிவிட்டு ஜெபத்தைத் தொடங்குங்கள்; எதற்காக முழங்காலில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கட்டும்.


கேள்வி கேட்டவர்: செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. சகோதரி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்: குழுவில் இருக்கும் ஏழு பேரில் படி வாங்குகிறவர் ஒருவர் மட்டுமே, அவர் அன்று எதுவும் பேசவில்லை. அண்ணன் படி வாங்குவதில்லை. அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது.

இரண்டு காரியங்களில் இன்னும் தெளிவு தேவைப்படுகிறது. எஸ்றாவைச் சொன்னாலும் மோசேயைச் சொன்னாலும் அண்ணன் முல்லரிடம்தான் திரும்பி வருவார். முல்லர் உண்மையில் எப்படி நடத்தினார் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அடுத்தது, படிப்பு மையத்துக்குக் கட்டடம் கட்டவென்று தனியாக வந்த காணிக்கை வங்கியில் இருக்கிறது. கடிதமே வேண்டாம், இப்போதைக்கு அதிலிருந்து படியைக் கொடுத்துவிட்டுப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள்.


பதில்: வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்

முல்லரைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படுவது, உணவில்லாத காலையில் வாசலில் பால் வண்டி பழுதாகி நின்ற கதை ஒன்றுதான். பிரிஸ்டலில் அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய அநாதை இல்லங்களின் நிர்வாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் உங்கள் குழுவுக்குத் தேவையானது அதுதான்.

முதலில் உங்கள் அண்ணன் சொல்வது எவ்வளவு சரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1830-ல் டெய்ன்மவுத்தில் சபைப் போதகராக இருந்தபோதே, ஆலய இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கத்தையும் தன் நிலையான சம்பளத்தையும் முல்லர் விட்டுவிட்டார். 1836-ல் வில்சன் தெருவில் முதல் இல்லத்தைத் தொடங்கியது முதல், தனிப்பட்ட யாரிடமும் உதவி கேட்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1841-ன் இறுதியில் கையில் ஒன்றும் இல்லாத நிலையில் ஆண்டறிக்கை வெளியிடும் காலம் வந்தது. இப்போது வெளியிட்டால் அதுவே மறைமுகமான விண்ணப்பமாகிவிடும் என்று சொல்லி அறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் தள்ளிவைத்தார். இதில் அண்ணனைவிட அவர் ஒரு படி மேலேயே இருந்தார்.

ஆனால் அந்த மனிதரே ஆண்டுதோறும், வந்த காணிக்கையையும் செய்த செலவையும் அச்சிட்டு வெளியிட்டுவந்தார். ஒரு நோக்கத்துக்கென்று வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுப்பதில்லை. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கடன் வாங்குவதில்லை. 1838-ல் முதல் கடுமையான பற்றாக்குறை வந்தபோது, அதுவரை தன்னோடு வைத்திருந்த நிதி நிலவரத்தை இல்லங்களின் உடன் ஊழியர்களுக்குத் திறந்து சொல்லி, அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக் கணக்கு வைத்துப் பிறகு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அன்றன்று பணம் கொடுத்து வாங்கும் முறைக்கு மாறியதும் அந்த நெருக்கடியின் காலத்தில்தான். ஜார்க்கண்ட் சகோதரி சொன்ன பற்று நோட்டு முல்லரின் இல்லத்தில் இருந்திருக்காது. கேட்பதில்லை என்ற அவருடைய கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிநின்ற மற்ற மூன்றையும் விட்டுவிட்டால், நமக்குக் கிடைப்பது முல்லரின் வழி அல்ல. உடன் ஊழியர்களுக்குக் கணக்கைத் திறப்பது, கடனில்லாமல் இருப்பது, ஒதுக்கிய நிதியைத் தொடாமல் இருப்பது என்ற மூன்றும் அந்த ஒன்றோடு சேர்ந்தே இருந்தன.

அவர் ஏன் அப்படி நடத்தினார் என்பதையும் அவரே விளக்கியிருக்கிறார். பிள்ளைகளைப் பராமரிப்பது அவசியமானதுதான். ஆனால் யாரிடமும் கேட்காமல் ஜெபத்தினாலும் விசுவாசத்தினாலும் மட்டுமே ஓர் இல்லம் நடக்க முடியும் என்று காட்டி, தளர்ந்துபோன விசுவாசிகளைத் திடப்படுத்துவதே முதல் நோக்கம் என்றார். போதகர் ஐயா எஸ்றாவைப் பற்றிச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. ஒரு குறிப்பிட்ட சாட்சிக்காக ஒருவர் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது.

ஊழியம் யார்மேல் நிற்கிறது என்ற உங்கள் கேள்விக்கும் முல்லரே உதவுகிறார். பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் பகுதியில் ஐந்து பெரிய இல்லங்களும் 1870-க்குள் எழுந்து, இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் இருக்க இடமானபோது, 1872-ல் ஜேம்ஸ் ரைட் என்பவரை நிர்வாகத்தில் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பிறகு 1875 முதல் 1892 வரை, எழுபதாம் வயதில் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள், பல நாடுகளில் பிரசங்கித்துக்கொண்டு பெரும்பாலும் பயணத்திலேயே இருந்தார். நம் இந்தியாவுக்கும் வந்தார். இல்லங்கள் அவர் இல்லாமலே நடந்தன. உங்கள் அண்ணன் ஒரு மாதம் எங்காவது போய் வந்தால் எட்டு ஊழியர்களின் வேலை எப்படி நடக்கும் என்பதைக் குழுவில் தாராளமாகக் கேட்கலாம். முல்லரின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் காணிக்கை கேட்டு விண்ணப்பம் விடுவதில்லை என்ற கொள்கை உடையவர். (அந்த ஊரின் பெயரே, மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் கொடுத்து உதவிய டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரால் வந்தது என்பதை நினைத்துச் சில நேரம் எனக்குள் சிரித்துக்கொள்வேன், கேட்காமல் பெறும் ஊழியம், கொடுத்தவரின் பெயர் தாங்கிய ஊரில் வேரூன்றியது.) 1901 முதல் அங்கே பிள்ளைகளுக்கு அம்மாவாக எல்லாவற்றையும் தாங்கி நின்ற அவர், 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகு 1951-ல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அன்றாடப் பொறுப்புகள் மற்றவர்கள் கைக்குப் போயின. அவர் எழுதினார், ஜெபித்தார். டோனாவூர் ஐக்கியம் நின்றுபோகவில்லை.

சீனாவில் ஊழியம் செய்த மிஷனரி ஹட்சன் டெய்லரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சீனாவின் உட்பகுதிக்கு ஊழியர்களை அழைத்துக்கொண்டு போனால், அங்கே அவர்களுக்கு நேரிடும் பசிக்கும் சாவுக்கும் நான் பொறுப்பாவேனே என்ற பாரத்தில் அவர் பல மாதங்கள் தூக்கமின்றித் தவித்தார். 1865 ஜூன் 25 அன்று பிரைட்டன் கடற்கரையில், அந்தப் பொறுப்பு தன்னுடையதல்ல, அனுப்புகிற ஆண்டவருடையது என்ற தெளிவு வந்தது. அந்தத் தெளிவு வந்ததும் அவர் செய்தது கணக்குத்தான்: ஊழியரில்லாத பதினொரு மாகாணங்களுக்கும் மங்கோலியாவுக்கும் தலா இரண்டு பேர் என்று, இருபத்துநான்கு பேரைக் கேட்டு வேதாகமத்தின் ஓரத்தில் எழுதிவைத்தார். தேவனைச் சார்ந்தவர் திட்டம் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.


பதில்: ஜெபக்குழுப் பொறுப்பாளர், கோவில்பட்டி

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. 1838-ல் முல்லர் உடன் ஊழியர்களுக்குக் கணக்கைத் திறந்த செய்தி எனக்குப் புதியது. ஆனாலும் அவர் வெளியாரிடம் சொல்லவில்லை, உள்ளே இருந்தவர்களிடம்தான் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் மாதந்தோறும் தாங்குகிற குடும்பங்களை உள்ளே இருப்பவர்களாகக் கருதுவதா, வெளியே இருப்பவர்களாகக் கருதுவதா என்பதைத்தான் குழு முதலில் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பீடிக் கூலியில் பங்கு எடுத்துவைக்கும் தாய் உள்ளே இருப்பவர்தான். ஏற்கெனவே தாங்குகிறவர்களுக்கு அறிக்கை அனுப்புவதை நான் இனி எதிர்க்க மாட்டேன். புதியவர்களைத் தேடிப் பொது விளம்பரமாக விடுவதை இப்போதும் எதிர்க்கிறேன்.


பதில்: தணிக்கையாளர், மதுரை

கட்டட நிதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். கட்டடத்துக்கென்று வாங்கியதைப் படிக்கு எடுக்க வேண்டுமானால், கொடுத்தவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்க எப்படியும் ஒரு கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று எடுக்கப்பட்ட ஒதுக்கு நிதி, நான் பார்த்த கணக்குகளில் பெரும்பாலும் நிரப்பப்படவே இல்லை. எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்குப் பவுல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8:20, 21). வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருக்கட்டும். பீரோவுக்கு இரண்டாவது சாவி ஒன்று பொருளாளரிடம் இருக்கட்டும். இது அண்ணன்மேல் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. அவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் ஊழியர்களின் அந்த மாதப் படியைக் கொடுக்க உங்களுக்கு வேறு வழியில்லை என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்வார்.

கடிதம் அனுப்புவதென்று முடிவானால் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மாதம் எவ்வளவு தேவை, கடந்த ஆறு மாதங்களில் எவ்வளவு வந்தது, ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை எவ்வளவு என்ற மூன்று தொகைகளும் அதில் இருக்க வேண்டும். கட்டட நிதி தனியாக இருக்கிறது என்பதையும், அதை ஏன் தொடவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு பஞ்சம் பாடுகிறார்கள் என்று பிறகு பேச்சு வரும். படம் வேண்டாம், கெடுத் தேதி வேண்டாம், விதைத்தால் நூறத்தனையாக அறுப்பீர்கள் என்ற வாக்குத்தத்தம் வேண்டாம். இயலாதவர்கள் ஜெபித்தால் போதும் என்பதை உபசாரத்துக்காக அல்லாமல் உண்மையாகவே எழுதுங்கள். பள்ளிகள் திறந்த மாதத்திலிருந்துதான் காணிக்கை குறைந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள்; பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தால் பலர் நிறுத்தியிருக்கலாம். அண்ணன் கையொப்பமிட மனமில்லை என்றால் வற்புறுத்தாமல் செயலாளராக நீங்களே கையொப்பமிடுங்கள். தபாலில் சேர்ப்பதற்கு முன், எட்டு ஊழியர்களும் அதை ஒருமுறை வாசித்துவிடட்டும். அதில் எழுதப்பட்டிருப்பது அவர்கள் வீட்டுக் காரியம்.